ஒரு பெயர் சொல்லாகும் விதம்: கல்கத்தா, 1928

அண்மையில் முனைவர் பட்ட மாணவர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் இரண்டு நாள் அமர்ந்திருந்தேன். ஆய்வாளர் ஒவ்வொருவரும் தம்மை ஒரு ‘பிராண்ட்’ ஆக வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். லிங்க்ட்இன்னில் வாரம் எத்தனை பதிவு இட வேண்டும், கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் யாரிடம் எப்படி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும், கட்டுரை வெளியானதும் அதை யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்றெல்லாம் சொன்னார்கள். வெளியே வந்தபோது நண்பர்கள் இரு அணியாகப் பிரிந்திருந்தனர். ‘காலத்தின் கட்டாயம்’ என்றது ஓர் அணி. ‘அந்தக் காலத்தில் அறிஞர்கள் வேலையை மட்டுமே பார்த்தார்கள், பெயர் தானாக வந்தது’ என்றது மற்றோர் அணி. இந்த இரண்டாவது கூற்று வரலாற்றில் நிற்குமா என்று பார்க்கத் தோன்றியது. அதன் விளைவே இந்த நீண்ட பதிவு.

சோதித்துப் பார்க்க நான் எடுத்துக்கொண்டது ‘இராமன் விளைவு’ என்னும் சொல். நான் இயற்பியல் படித்தவன் அல்லன், மொழியியல் படித்தவன். ஆகவே எனக்கு அது முதலில் ஒரு கலைச்சொல், ஆட்பெயர் பொதுச்சொல்லாக மாறியதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அத்தகைய மாற்றம் தானாக நிகழ்வதில்லை. அதற்கு நிறுவனமும் அச்சும் அஞ்சலும் நட்பும் தேவைப்படுகின்றன.

1907இல் சந்திரசேகர வேங்கட இராமன் இந்திய நிதித் துறையில் அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில், 1876இல் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. டிராமில் செல்கையில் அதன் பெயர்ப்பலகையைக் கண்டு இறங்கிப்போய்க் கதவைத் தட்டினார் என்பது பலரும் அறிந்த செய்தி. கதவைத் திறந்தவர் அசுதோஷ் தே. கழகத்தார் ‘ஆஷு பாபு’ என அழைத்த அவர், பின்னர் கால் நூற்றாண்டுக் காலம் இராமனின் ஆய்வகத் துணைவராக இருந்தார். அவருடைய பெயரை இங்கே குறித்து வைக்கிறேன். மறுபடியும் அவரிடம் வர வேண்டியிருக்கிறது.

அடுத்த இருபது ஆண்டுகளில் இராமன் செய்தவற்றை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று, ஆய்வு: அதிர்வு, இசைக்கருவிகளின் ஒலி, ஒளிச்சிதறல். மற்றொன்று, அந்த ஆய்வு உலகைச் சென்றடைவதற்கான வழிகளை அமைத்தது. 1917இல் அரசுப் பணியை விட்டு, குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் ஆனார். 1919இல் கழகத்தின் கௌரவச் செயலாளர் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1921இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குச் சென்று கப்பலில் திரும்புகையில், கடலின் நிறம் பற்றி நேச்சர் இதழுக்கு எழுதிய குறிப்பைப் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் நின்ற நாளிலேயே தேதியிட்டு அனுப்பினார். 1924இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அதே ஆண்டு கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் பயணம். மறு ஆண்டு இரஷ்ய அறிவியல் கழகத்தின் இருநூறாம் ஆண்டு விழாவுக்காக லெனின்கிராடு சென்றார். 1926இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ் என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். இலண்டன் இதழாசிரியர்களின் முடிவுக்காகக் காத்திராமல், கல்கத்தாவிலேயே தம் பொறுப்பில் அச்சிட்டு உலகெங்கும் அனுப்பக்கூடிய ஒரு வாயில் அப்போது அவர் கையில் இருந்தது.

இந்தப் பின்னணியை வைத்துக்கொண்டு 1928இன் நாட்களைப் பார்ப்போம். 1927இன் இறுதியில் காம்ப்டனுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. எக்ஸ் கதிர்களில் காம்ப்டன் கண்டதற்கு ஒப்பானதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் காண இயலும் என்ற எண்ணம் பௌபஜார் ஆய்வகத்தில் வலுப்பெற்றது. பிப்ரவரி 16 தேதியிட்ட சிறு குறிப்பொன்று நேச்சருக்குச் சென்றது. அதில் இரண்டு பெயர்கள் இருந்தன: இராமன், கே. எஸ். கிருஷ்ணன். பிப்ரவரி 28 அன்று சிதறிய ஒளியை நிறமாலைகாட்டி வழியே பார்த்தபோது, மாறிய அலைநீளம் தனித்துத் தெரிந்தது. மறுநாளே செய்தி நிறுவனம் வழியாக நாளிதழ்களுக்கு அறிவிப்புப் போயிற்று. மார்ச் 16 அன்று பெங்களூரில் தென்னிந்திய அறிவியல் சங்கத்தின் கூட்டத்தில் இராமன் உரையாற்றினார். அவ்வுரை உடனடியாகக் கல்கத்தாவில் அவருடைய சஞ்சிகைக்காக அச்சேறியது. அதன் தனிப்படிகள் பல நாடுகளின் இயற்பியலாளர்களுக்கு அஞ்சலில் அனுப்பப்பட்டன. பிப்ரவரிக் குறிப்பு மார்ச் 31 நேச்சர் இதழில் வெளிவந்தது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் மேலும் இரு குறிப்புகள் தொடர்ந்தன.

இந்த விரைவின் பொருளை உணர மாஸ்கோவைப் பார்க்க வேண்டும். அதே பிப்ரவரியில் கிரிகோரி லாண்ட்ஸ்பெர்கும் லியோனிட் மாண்டெல்ஷ்டாமும் குவார்ட்ஸ் படிகத்தில் அதே நிகழ்வைக் கண்டனர். இரஷ்ய வரலாற்றாசிரியர்கள் குறிக்கும் நாள் பிப்ரவரி 21. கல்கத்தாவின் நிறமாலைக் காட்சிக்கு ஒரு வாரம் முன்பு. ஆனால் அவர்களுடைய கட்டுரை ஜெர்மன் வார இதழான நாட்டூர்விசென்ஷாஃப்டனில் வெளிவந்தது ஜூலையில்தான். அதற்குள் கல்கத்தாக் குறிப்புகள் வெளியாகிவிட்டிருந்ததால், அவர்களும் இராமனைச் சுட்டியே எழுத வேண்டியிருந்தது. கண்டறிதலின் தரத்தில் மாஸ்கோவினர் எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர். இடைவெளி உண்டானது கண்டதற்கும் சொன்னதற்கும் இடையே கழிந்த மாதங்களில்.

எனக்கு மிகவும் சுவையாகப் பட்டது இதற்கடுத்த கட்டம். ‘இராமன் விளைவு’ என்னும் சொல்லை அச்சில் நிலைநிறுத்தியதில் பெரும் பங்கு, பெர்லினில் இருந்த பீட்டர் பிரிங்ஸ்ஹைமுடையது. அவர் சோதனையைத் தம் ஆய்வகத்தில் திரும்பச் செய்து பார்த்து, 1928இலேயே அதே ஜெர்மன் இதழில் ‘ராமனெஃபெக்ட்’ என்று தலைப்பிலேயே பெயரிட்டுக் கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ராபர்ட் வுட் சோதனையை உறுதிப்படுத்தி நேச்சருக்குத் தந்தி அனுப்பினார். ஒருவர் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளும் பெயர் கலைச்சொல் ஆவதில்லை. பிறர் வாயில், பிறர் கட்டுரையின் தலைப்பில், அடைமொழியோ விளக்கமோ இன்றி அது புழங்கத் தொடங்கும்போதே சொல்லாகிறது. அத்தகைய புழக்கத்துக்கான வாய்ப்பை உண்டாக்கிக்கொடுத்தவை அஞ்சலில் போன அந்தத் தனிப்படிகளும் அதற்கு முந்தைய பயணங்களும்.

இச்சொல் எங்கும் ஒன்றுபோல ஏற்கப்பட்டதும் இல்லை. இரஷ்ய மொழியில் இன்றளவும் ‘கூட்டுச் சிதறல்’ என்று பொருள்படும் ‘கொம்பினாத்ஸியொன்னயெ ரஸ்ஸெயானியெ’ என்ற சொல்லே வழங்குகிறது. அதில் எவருடைய பெயரும் இல்லை. 1923இலேயே இந்நிகழ்வைக் கோட்பாட்டளவில் முன்கூறிய ஆஸ்திரிய அறிஞர் அடால்ஃப் ஸ்மெகலின் பெயரையும் சேர்த்து, ஜெர்மன் நூல்கள் சில ‘ஸ்மெகல்–ராமன் விளைவு’ என்று எழுதின. ஒரே நிகழ்வுக்கு மூன்று பெயர்கள்; ஒவ்வொன்றும் முன்னுரிமை பற்றிய ஒரு வாதம். கலைச்சொல் அகராதியைச் சான்றாவணமாகப் படிக்கலாம் என்று மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் நான் தரும் எடுத்துக்காட்டு இது.

பரிசு விஷயத்திலும் இராமன் கைகட்டிக் காத்திருக்கவில்லை. 1929இல் பிரிஸ்டலில் ஃபாரடே சொசைட்டி கூட்டிய விவாத அரங்கில் தம் பொருளை நேரில் முன்வைத்தார். அவ்வாண்டின் இறுதியில், தம் பெயரை நோபல் பரிசுக்கு முன்மொழியுமாறு நீல்ஸ் போருக்கே கடிதம் எழுதினார். 1930இல் பரிசு வந்தது. ‘பெயர் தானாக வந்தது’ என்னும் அணியினர் இக்கடிதத்தை நினைவில் கொள்வது நல்லது. ஐரோப்பியப் பேராசிரியர்கள் ஒருவரையொருவர் உணவு மேசையிலேயே சந்தித்துக்கொண்ட காலம் அது. காலனி நாடொன்றிலிருந்து எழுதிய ஒருவருக்குக் கடிதமும் தந்தியும் மட்டுமே அந்த மேசை. ஆகவே அதைத் தற்பெருமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். பிப்ரவரிக் குறிப்பில் இரண்டு பெயர்கள் இருந்தன. மார்ச்சில் அச்சான உரையில் ஒன்றே இருந்தது. கலைச்சொல்லிலும் ஒன்றே நின்றது. ‘விளைவு’ என்ற சொல்லுக்கு முன்னால் இரண்டு மூன்று பெயர்களுக்கு இடம் உண்டு என்பதை ஸ்மெகலின் எடுத்துக்காட்டே காட்டுகிறது. 1923இல் ஒளிச்சிதறலில் விளங்காத ஒரு மெல்லிய ஒளிர்வைக் கண்ட கே. ஆர். இராமநாதன், கிளிசரினில் அதையே தெளிவாகக் கண்ட பகுதிநேர ஆய்வாளர் வேங்கடேஸ்வரன், நாள்தோறும் கருவியின் முன் அமர்ந்த கிருஷ்ணன் ஆகிய மூவரையும் இராமன் தம் நோபல் உரையில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிருஷ்ணன் பின்னர் 1940இல் இராயல் சொசைட்டி உறுப்பினராகி, புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகவும் விளங்கினார். அவருக்கென்று ஒரு பெயர் உருவாயிற்று. கதவைத் திறந்த ஆஷு பாபுவுக்கு அத்தகைய வாய்ப்பு ஏது? உரையில் சொன்ன நன்றி உரையைப் படிப்பவரை மட்டும் சேர்கிறது; சொல்லில் நின்ற பெயர் உலகத்தைச் சேர்கிறது.

தொலைவில் இருந்தவர்களைச் சேர்த்துக்கொண்ட அதே மனிதர் அருகில் இருந்தவர்களை இழந்ததும் உண்டு. 1933இல் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகச் சென்ற பின், கல்கத்தாக் கழகத்தின் ஆட்சி குறித்து எழுந்த பூசலில் 1934இல் அவர் பக்கம் தோற்றது. அதே ஆண்டு பெங்களூரில் இந்திய அறிவியல் அகாடமியை நிறுவி, மீண்டும் ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். கருவி எது என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததே இல்லை.

என் துறைக்குத் திரும்புகிறேன். அதே 1928இல், அதே கல்கத்தாவின் அச்சகத்தில் மற்றொரு பெரும்பணி முற்றுப்பெற்றது. ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சனின் இந்திய மொழிகள் அளவாய்வு 1903 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்து அவ்வாண்டு நிறைவடைந்தது. 179 மொழிகளும் 544 கிளைமொழிகளும் அதில் பதிவாயின. சென்னை மாகாணமும் ஐதராபாத், மைசூர் சமஸ்தானங்களும் அதன் எல்லைக்குள் வரவில்லை. அவ்வாண்டே கிரியர்சனுக்கு ஆர்டர் ஆஃப் மெரிட் வழங்கப்பட்டது. நாங்கள் இன்றும் ‘கிரியர்சன் என்ன சொல்கிறார்’ என்றுதான் கேட்கிறோம். ஆனால் விவிலியத்தின் ஊதாரி மைந்தன் கதையை மாவட்டம்தோறும் தம் பேச்சுமொழியில் பெயர்த்துக் கொடுத்தவர்கள் பலர். அக்கதையைச் சொன்ன குரல்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் தொகுதிகளில் பெயர் இல்லை.

இங்கே என் சொந்தக் கணக்கையும் வைத்துவிடுகிறேன். என் ஆய்வேட்டின் தரவு முழுவதும் ஏழு பேர் எனக்குப் பேசிக்காட்டியது. ஏட்டில் அவர்கள் ‘தகவலாளர் 1’ முதல் ‘தகவலாளர் 7’ வரை. அடையாளம் காக்கும் நெறி இதற்கு ஒரு காரணம். அது நல்ல காரணமே. ஆனால் ஏழு பேரில் மூவர், தம் பெயர் அச்சில் வர வேண்டும் என்று என்னிடம் கேட்டவர்கள். வழக்கமான படிவத்தை நிரப்பியபோது அந்த வேண்டுகோளை நான் நெறிக்குழுவிடம் எடுத்துச் செல்லவே இல்லை. அதே வாரத்தில் என் கட்டுரையின் இணைப்பை நாற்பது பேராசிரியர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். பயிலரங்கிலிருந்து திரும்பிய இரவு இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது கூச்சமாக இருந்தது.

எனவே இரண்டு அணிகளுக்கும் என் விடை இது. அறிவுலகில் பெயர் ஒருபோதும் தானாக வந்ததில்லை. அனுப்பி, சொல்லி, கேட்டு, நேரில் போய் நின்று வந்தது. வசதி குறைந்த பல்கலைக்கழகங்களிலிருந்து எழுதும் மாணவர்கள் இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை; அஞ்சல் தலை வாங்கக் காசு தேடிய தலைமுறையைவிட நமக்கு வழி எளிது. அதே வேளையில், அனுப்புவதற்குக் கையில் ஒன்று இருக்க வேண்டும் என்பதையும் 1928 காட்டுகிறது: அறிவிப்பு வெளியானது பிப்ரவரி 29இல், அதற்குப் பின்னால் ஒளிச்சிதறலில் மட்டும் ஏழாண்டு வேலை இருந்தது. பயிலரங்கில் யாரும் சொல்லாதது மூன்றாவது செய்தி. ஒருவர் பெயரைப் பரப்பும் அதே கருவி உடன் உழைத்தவர் பெயரையும் எடுத்துச் செல்லக்கூடியது. அதில் யார் ஏறுகிறார்கள் என்பதை முடிவு செய்பவர் எழுதுகிறவரே.

அந்த மூவரின் கையொப்பமிட்ட இசைவுக் கடிதங்களை இவ்வாரம் பெற்றுவிட்டேன். நெறிக்குழுவுக்கு விண்ணப்பமும் போய்விட்டது. ஏற்கப்பட்டால் ஆய்வேட்டின் இறுதிப் படியில் அவர்கள் எண்களாக இருக்க மாட்டார்கள். களப்பணி செய்யும் நண்பர்கள் தங்கள் துறைகளில் இதை எவ்வாறு கையாளுகிறீர்கள் என்று எழுதினால் நன்றியுடையவனாவேன்.