ஃபார்மட் பண்ணினா சரியாயிடுமா? ஒரு பழைய நம்பிக்கையின் கதை

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள். ராஜபாளையத்துல இருந்து தங்கச்சி போன்.

"அண்ணே, லேப்டாப்பை ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு கடையில குடுத்து விண்டோஸ் புதுசா போட்டு வாங்கியாச்சு. ஐநூறு ரூவா. இப்ப முன்னைவிட மெதுவா இருக்கு. செயினை அடகு வச்சுப் புதுசு வாங்கிறலாமான்னு பாக்குறேன்."

மருமக டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறா. மாதிரித் தேர்வு, பழைய வினாத்தாள், ரெண்டு வருஷமா அவ எழுதிச் சேர்த்த குறிப்பு எல்லாம் அந்த மடிக்கணினியிலதான். 2013-ல் வாங்கினது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். "நான் வர்ற வரைக்கும் செயின் கழுத்துலயே இருக்கட்டும்"னு சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை கிளம்பினேன்.

கடைக்காரர் மேல் தப்பு சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் மெதுவானா ஃபார்மட் பண்ணு என்பது நம்ம ஊர்களில் கால் நூற்றாண்டாக இருக்கும் வைத்தியம். அது மூடநம்பிக்கையும் இல்லை. ஒரு காலத்தில் உண்மையாகவே வேலை செய்தது. ஏன் வேலை செய்தது என்று பார்த்தால்தான், இப்போது ஏன் பலிக்கவில்லை என்பது புரியும்.

முதல் காரணம், கோப்புகள் சிதறிக் கிடப்பது. விண்டோஸ் 98 காலத்து ஃபேட் முறையில் அழிப்பதும் எழுதுவதும் தொடர்ந்து நடந்தால் ஒரே கோப்பு டிஸ்கில் நூறு இடத்தில் துண்டு துண்டாகக் கிடக்கும். ஃபார்மட் பண்ணினால் எல்லாம் மறுபடி வரிசையாக உட்காரும்.

இரண்டாவது, பென்டிரைவ் வைரஸ். பிரவுசிங் சென்டரில் ஒருமுறை செருகினாலே போதும், தானாக ஓடும் ஆட்டோரன் வசதி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். 2008 கடைசியில் உலகத்தையே ஆட்டிய கான்ஃபிக்கர் புழுவும் அந்த வழியைப் பயன்படுத்தியது. எக்ஸ்பி, விஸ்டாவில் பென்டிரைவ் ஆட்டோரனை மைக்ரோசாஃப்ட் அடைத்தது 2011-ல்தான். அதுவரை துடைத்துவிட்டு மறுபடி போடுவதுதான் சுலபமான வழி.

மூன்றாவது காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. டிஸ்கிலிருந்து தரவு ப்ராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நேராக நினைவகத்துக்குப் போகும் வழிக்கு டிஎம்ஏ என்று பெயர். ஒவ்வொரு துண்டையும் ப்ராசஸரே தூக்கி வைக்கும் பழைய வழி பிஐஓ. விண்டோஸ் எக்ஸ்பி ஒரு கணக்கு வைத்திருந்தது. டிஸ்கோடு பேசும்போது ஆறு தடவை பிழை வந்தால் வேகத்தை ஒரு படி இறக்கும். இப்படி இறங்கி இறங்கிக் கடைசியில் பிஐஓவுக்கே போய்விடும். கேபிள் கொஞ்சம் லூஸ் என்றாலே கணினி ஆமை ஆகிவிடும். ஃபார்மட் பண்ணி எக்ஸ்பியைப் புதுசாகப் போட்டால் அந்தக் கணக்கு அழிந்து பழைய வேகம் வந்துவிடும். 'பார்த்தியா, சரியாயிடுச்சு' என்போம். லூசான கேபிள் அப்படியேதான் இருக்கும். சில மாசத்தில் மறுபடி மெதுவாகும், மறுபடி ஃபார்மட். நோயை விட்டுவிட்டு நோட்டை மட்டும் கிழித்துப் போட்ட வைத்தியம்!

இன்றைக்குக் கதை வேறு. 1956-ல் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்ற கணினியோடு உலகின் முதல் ஹார்ட் டிஸ்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், நிமிஷத்துக்கு 1,200 சுற்று. கொள்ளளவு சுமார் 50 லட்சம் எழுத்து. ஒரு தகவலைத் தேடி எடுக்கச் சராசரியாக 600 மில்லி நொடி ஆகும்.

மருமக மடிக்கணினியின் டிஸ்க் நிமிஷத்துக்கு 5,400 சுற்று. நொடிக்கு 90. வேண்டிய இடம் முள்ளுக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்கணும், அது 5.5 மில்லி நொடி. முள் நகர்ந்து போக ஒரு 12 என்று வைத்தால் மொத்தம் 17, 18 மில்லி நொடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ராமாக்கோடு ஒப்பிட்டால் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு கூடியிருக்கிறது. தேடும் வேகம் வெறும் 35 மடங்கு. நொடிக்கு அறுபது இடத்துக்குத்தான் அந்த முள் ஓட முடியும்.

அதற்குமேல் ஏற்றும் பாரமோ கூடிக்கொண்டே வந்தது. காகிதத்தில் போட்ட குறைந்தபட்ச ரேம் கணக்கு மட்டும் பாருங்கள்: விண்டோஸ் 98-க்கு 16 எம்பி, 2001-ல் வந்த எக்ஸ்பிக்கு 64 எம்பி, 2007-ல் விஸ்டாவுக்கு 512 எம்பி, 2009-ல் விண்டோஸ் 7-க்கு 1 ஜிபி, 2021-ல் விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி. ரேம் பத்தவில்லை என்றால் விண்டோஸ் டிஸ்கையே தற்காலிக நினைவகமாக எடுத்துக்கொள்ளும். அந்த வேலையும் அதே முள்ளின் தலையில். வடம் பிடிக்க எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் ஆண்டாள் தேர் அதன் வேகத்தில்தான் நகரும். ப்ராசஸர் எவ்வளவு வேகம் என்றாலும் ஹார்ட் டிஸ்க் கணினியும் அப்படித்தான்.

புதுசாக விண்டோஸ் போட்ட முதல் ஓரிரு நாள் இது இன்னும் மோசமாகும். அப்டேட் இறங்கும், டிஃபெண்டர் ஒவ்வொரு கோப்பாகப் பார்க்கும், தேடலுக்கான அட்டவணை தயாராகும். எல்லாம் ஒரே நேரத்தில். அதனால ஃபார்மட் பண்ணின அன்னிக்கே தீர்ப்பு சொல்லக்கூடாது. ஒரு ராத்திரி சார்ஜர்ல போட்டு, தூங்கப் போகாதபடி செட்டிங் மாத்தி ஓட விடணும்.

தங்கச்சியும் அப்படி விட்டுத்தான் பார்த்திருந்தா. ஒரு வாரமாகியும் மாற்றமில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு 12 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. டிஸ்கில் சில இடங்கள் பழுதாகி, அவற்றுக்குப் பதில் மாற்று இடங்கள் பயன்பாட்டில் இருந்தன. படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்ப்பதால்தான் இவ்வளவு மந்தம். மருமக குறிப்பு எல்லாம் டி டிரைவ்ல இருந்ததால தப்பிச்சது. அதை வேற இடத்துக்குக் காப்பி எடுத்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவரையே தொட்டேன். உங்க வீட்லயும் இதே வரிசைதான் நல்லது: முதல்ல காப்பி, அப்புறம் வைத்தியம்.

பின்மூடியைக் கழற்றினால் இன்னொரு ஆச்சரியம். ஃபேனுக்கும் வெப்பம் வெளியேறும் வழிக்கும் நடுவுல மெத்தை மாதிரி பஞ்சு! மச்சான் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறிக்கு வேலைக்குப் போறவர். வீட்டுக்குப் பக்கத்துலயும் தறி. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊருக்குச் சோறு போடும் பஞ்சு, கணினிக்கு மட்டும் ஆகாது. காற்று போகலைன்னா சூடு ஏறும், ப்ராசஸர் தன்னைக் காப்பாத்திக்கத் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். எந்த ஃபார்மட்டும் இதைத் தொடாது. பெயின்ட் பிரஷ்ஷால் பஞ்சை எடுத்தோம்.

பழைய டிஸ்குக்குப் பதில் 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டோம். அதில் சுழலும் தட்டும் இல்லை, ஓடும் முள்ளும் இல்லை. அறுபது இடம் இருந்த இடத்தில் நொடிக்குப் பல ஆயிரம். நாலு நிமிஷம் எடுத்த கணினி அரை நிமிஷத்துக்குள் திறந்தது. செலவு ரெண்டாயிரத்துக்குள்ள.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 இதில் கிடையாது. அதனால் லினக்ஸ் மின்ட் போட்டேன். "விண்டோஸ் இல்லாம எப்படி மாமா?"ன்னு மருமக தயங்கினா. லினக்ஸ் நமக்குப் புதுசா என்ன? 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கிய அந்த இயங்குதளத்தைத் திறந்தே பார்க்காமல் விட்டது நாம்தான்.

அந்தத் திட்டத்தில் வந்த கணினிகள் பல இன்னும் பரண்மேல் கிடக்கும். பழைய இரும்புக்குப் போடும் முன்னாடி டாஸ்க் மேனேஜரை ஒரு தடவை திறந்து பாருங்க. டிஸ்க் 100-னு நின்னா, மெதுவா இருக்கிறது கணினி இல்ல, அந்த முள்.

செயின் தங்கச்சி கழுத்துலயேதான் இருக்கு. மருமக மாதிரித் தேர்வு எழுதிக்கிட்டு இருக்கா.