நீர் எங்கே குடியிருக்கிறீர்?
(அயலார் முகவரிப் பதிவு – ஒரு வரலாற்றுப் பார்வை)

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 ஆம் நாள் வில்லியனூரை அடுத்த கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றி மரியாதை செலுத்தப்படுவதை நம் பகுதி மக்கள் நன்கு அறிவர். 18.10.1954 அன்று அவ்வூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்து வாக்களித்தனர். அதே ஆண்டு நவம்பர் 1 ஆம் நாள் ஆட்சி நிர்வாகம் கைமாறியது. 28.5.1956 அன்று புதுடெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. எனினும் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் வழங்க ஆறு ஆண்டுகள் ஆயின. 16.8.1962 அன்றுதான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவின் பகுதியாயிற்று.

நாட்டு வரலாற்றில் அது ஒரு பொன்னாள். வீட்டு வரலாற்றிலோ அது ஒரு கேள்வியின் நாள். நம் முன்னோர் ஒவ்வொருவரிடமும் அந்த ஒப்பந்தம் இரண்டு வினாக்களை எழுப்பியது. நீர் எங்கே பிறந்தீர்? இன்று எங்கே குடியிருக்கிறீர்? இரண்டாம் வினாவுக்கான விடை, அதாவது முகவரி, ஒரு குடும்பத்தின் பல தலைமுறைகளின் குடியுரிமையையே முடிவு செய்தது. முகவரி என்பது தபால்காரருக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணுவோர் இவ்வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்வது நலம்.

பதிவு பிறந்த கதை

அயல்நாட்டில் வசிப்பவர் தம் இருப்பிடத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் விதி மிகப் பழமையானதன்று. பிரான்சு நாடு 1888 இல் ஓர் ஆணை பிறப்பித்து, அங்குத் தங்கும் அயலார் தம் இருப்பிடத்தை அறிவிக்க வேண்டும் என்றது. 1893 ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் செய்ய வரும் அயலார் எட்டு நாட்களுக்குள் ஊர் நகராட்சியாகிய 'மேரி'யில் பதிந்துகொள்ள வேண்டும் என வரையறுத்தது. முதல் உலகப் போரின் நடுவே 1917 இல் அயலாருக்கென அடையாள அட்டை அறிமுகமாயிற்று.

இங்கிலாந்தில் போர் அறிவிக்கப்பட்ட மறுநாளே, அதாவது 5.8.1914 அன்று, அயலாரைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. போர் முடிந்த பின்னும் பதிவு முடியவில்லை. அமெரிக்கா 1940 இல் அயலார் பதிவுச் சட்டத்தை இயற்றியது. பின்னாளில், அங்கு வசித்த அயலார் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் முகவரி அறிவிக்கும் முறையும் 1981 வரை நடைமுறையில் இருந்தது. இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சியில் 1939 இல் அயல்நாட்டார் பதிவுச் சட்டமும், 1946 இல் அயல்நாட்டார் சட்டமும் வந்தன. இவ்வாண்டுகளை வரிசையாக நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பெரும்பாலான பதிவுச் சட்டங்கள் போரின் நிழலில், அச்சத்தின் காரணமாகப் பிறந்தவை. அச்சம் நீங்கிய பின்னரும் அவை நிலைத்து நின்றன.

ஜோகன்னஸ்பர்க் பள்ளிவாசலில் எரிந்த காகிதங்கள்

வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. புதுச்சேரி சட்டப்படி இணைவதற்குச் சரியாக 54 ஆண்டுகளுக்கு முன்னர், அதே ஆகஸ்ட் 16 ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் உள்ள ஹமீதியா பள்ளிவாசல் வளாகத்தில் இந்தியர்கள் திரண்டனர்.

டிரான்ஸ்வால் அரசு 1906 இல் ஒரு சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் அனைவரும் பெயர் பதிந்து, கைரேகை வைத்துச் சான்றிதழ் பெற வேண்டும். காவலர் கேட்கும் இடத்தில் அதைக் காட்ட வேண்டும். தவறினால் அபராதம், சிறை, நாடு கடத்தல். குற்றவாளிகளிடம் பெறும் கைரேகையை வணிகரிடமும் தொழிலாளரிடமும் கேட்டதே மக்களைப் புண்படுத்தியது. 11.9.1906 அன்று எம்பயர் நாடக அரங்கில் கூடியோர், இச்சட்டத்துக்குப் பணியமாட்டோம் என உறுதி பூண்டனர். காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் அங்குதான் தொடங்கியது. இருப்பினும் 1907 இல் அது சட்டமாயிற்று.

1908 தொடக்கத்தில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர்கள் தாமாகவே முன்வந்து பதிந்துகொண்டால் கட்டாயச் சட்டம் நீக்கப்படும் என்று காந்தியடிகள் நம்பினார், மக்களும் பதிந்துகொண்டனர். ஆனால் சட்டம் நீக்கப்படவில்லை. ஆகவே 16.8.1908 அன்று மாலை, பள்ளிவாசல் வளாகத்தில் பெரிய இரும்புக் கொப்பரை வைக்கப்பட்டது. அரசின் மறுப்பைத் தாங்கிய தந்தியைத் தொண்டர் ஒருவர் மிதிவண்டியில் கொண்டுவந்து சேர்த்தார். அதன் பின்னர் 2000க்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கப்பட்டன. இமாம் அப்துல் காதிர் பாவஸீர், அகமது முகமது கச்சாலியா முதலியோர் இப்போராட்டத்தில் சிறை சென்றனர். தம்பி நாயுடு முதலான தமிழர்கள் சிறைக்கு முந்திச் சென்றனர். நம் காரைக்காலுக்கு அண்மையில் உள்ள தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை, இதன் தொடர்ச்சியாக 1913 இல் மூண்ட போராட்டத்தில் சிறைப்பட்டு, நோயுற்று, 22.2.1914 அன்று உயிர் துறந்தார்.

இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். அம்மக்கள் முகவரி சொல்ல மறுக்கவில்லை. மதிப்போடு கேட்டபோது வரிசையில் நின்று பதிந்தவர்களே அவர்கள். இனத்தைக் காட்டி இழிவுபடுத்துவதையும், கொடுத்த வாக்கை மீறுவதையுமே எதிர்த்தனர்.

ஒரே நாளில் மாறிய குடியுரிமை

இனி நம் மண்ணுக்குத் திரும்புவோம். வில்லியனூரும் பாகூரும் 1880 இல் பிரெஞ்சு ஆட்சி அமைத்த கொம்யூன்களுள் அடங்கும். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை எழுதிவைக்கும் 'எத்தா சிவில்' பதிவேடு நம் மக்களுக்குப் பழகிய ஒன்று. பாகூரிலிருந்து கடலூருக்குச் செல்பவர் அக்காலத்தில் ஓர் ஆட்சியின் எல்லையைக் கடந்து மற்றோர் ஆட்சியின் எல்லைக்குள் சென்றார். எல்லையும் காகிதமும் நமக்குப் புதியவை அல்ல.

1962 இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின் சாரம் இதுவே. புதுச்சேரிப் பகுதிகளில் பிறந்து, அந்நாளில் அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆவர். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால், ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். இப்பகுதிகளில் பிறந்து, இந்தியாவுக்கு வெளியே, சைகோனிலோ பாரிசிலோ குடியிருந்தவர்களோ பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிப்பர். அவர்கள் இந்தியராக விரும்பினால்தான் அறிவிக்க வேண்டும்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவர் சைகோனில் வணிகமோ அரசுப் பணியோ பார்த்துக்கொண்டிருக்கிறார். மற்றவர் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகஸ்ட் 16 விடிந்தபோது, யாரும் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடாமலேயே, முன்னவர் பிரெஞ்சுக்காரர், பின்னவர் இந்தியர். அவரவர் முகவரி மட்டுமே இதற்குக் காரணம். ஊரில் இருந்தவர்களில் சுமார் 5000 பேரே பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தனர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்ற 'சொல்தா' குடும்பங்கள் இவர்களுள் கணிசமானவை. 1963 பிப்ரவரியில் அந்த ஆறு மாதக் கெடு முடிந்தது. முடிவெடுக்கத் தயங்கியவர்களுக்கும் செய்தியே எட்டாதவர்களுக்கும் கெடு காத்திருக்கவில்லை.

சொந்த வீட்டில் அயலார்

பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர் தாத்தா கட்டிய வீட்டிலேயே இருந்தாலும் இந்தியச் சட்டத்தின் பார்வையில் அயல்நாட்டவரே. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1992 இல் வந்த அயல்நாட்டார் பதிவு விதிகளின் கீழ், 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வரும் அயலார் பொதுவாக 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியிருந்தது. பதிந்த முகவரியை விட்டுத் தொடர்ந்து எட்டு வாரங்களோ அதற்கு மேலோ விலகியிருக்க நேர்ந்தாலும், முகவரி மாறினாலும், முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின.

2005 இல் தொடங்கிய கடல்கடந்த இந்தியக் குடிமகன் திட்டம், அதாவது ஓசிஐ அட்டை, பலருக்குப் பெரும் ஆறுதலாயிற்று. 15.8.1947க்குப் பின் இந்தியாவுடன் இணைந்த பகுதியைச் சேர்ந்தவர்களும், அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதற்குத் தகுதி உடையவர் என்று சட்டம் கூறுவதால், புதுச்சேரி வழியினருக்கும் வாசல் திறந்தது. இவ்வட்டை உடையவர் எத்தனை நாட்கள் தங்கினாலும் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. இதனால் முகவரிக் கடமையே இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 4.3.2021 அறிவிக்கையின்படி, இந்தியாவில் வழக்கமாக வசிக்கும் ஓசிஐ அட்டைதாரர், நிரந்தர முகவரியோ தொழிலோ மாறும்போது உரிய பதிவு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் மூலம் தெரிவித்தல் வேண்டும்.

1939, 1946 ஆம் ஆண்டுச் சட்டங்கள் இன்று இல்லை. அவற்றையும் வேறு இரு சட்டங்களையும் நீக்கி, குடிவரவு மற்றும் அயல்நாட்டார் சட்டம், 2025 என்னும் ஒரே சட்டம் 1.9.2025 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆகவே பழைய நினைவை நம்பாமல், உரிய அலுவலகத்தில் விசாரித்துச் செயல்படுவதே பாதுகாப்பு.

கடல் கடந்த பிள்ளைகள்

நம் பிள்ளைகள் இன்று பிரான்சிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்கின்றனர். அங்கெல்லாம் இவ்விதி அவர்களைப் பின்தொடர்கிறது. பிரான்சில் தங்கும் உரிமை அட்டை உடைய அயலார், வீடு மாறிய மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும். சிங்கப்பூரில் நிரந்தரவாசிகளுக்கும் குடிமக்களுக்கும் 28 நாட்கள். அமெரிக்காவில் பத்தே நாட்கள். தவறுவது குற்றம், நாடு கடத்தலுக்கும் காரணமாகலாம்.

இவ்விதி கடுமையாகப் பயன்பட்ட காலமும் உண்டு. அமெரிக்கா 2002 இல் 25 நாடுகளைச் சேர்ந்த ஆண்களுக்குச் சிறப்புப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. பாகிஸ்தான், வங்கதேசம் உட்பட அவற்றுள் பெரும்பாலானவை முஸ்லிம்கள் மிகுந்த நாடுகள். 80000க்கும் மேற்பட்டோர் தாமே அலுவலகங்களுக்குச் சென்று பதிந்தனர். அவர்களில் 13000க்கும் மேற்பட்டோர்மீது நாடு கடத்தல் நடவடிக்கை தொடங்கியது. 2011 இல் நாடுகளின் பட்டியல் கைவிடப்பட்டது. 2016 டிசம்பரில் விதிகளே நீக்கப்பட்டன. டிரான்ஸ்வாலின் எதிரொலி நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கேட்டது எனலாம்.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாறு நமக்கு இரண்டு செய்திகளைத் தருகிறது. எல்லோருக்கும் பொதுவான விதியாக, மதிப்போடு கேட்கப்படும் முகவரியைக் காலத்தே தெரிவிப்பது கடமை. ஒரு மதத்தையோ இனத்தையோ மட்டும் குறிவைத்துக் கேட்கப்படுமாயின், அதை அமைதி வழியில், ஒற்றுமையாக, நீதிமன்றத்தின் முன்னும் மக்கள் மன்றத்தின் முன்னும் எதிர்ப்பது உரிமை. கடமையைச் செய்தவனுக்கே உரிமையை உரத்துக் கேட்கும் துணிவு வரும். ஹமீதியா பள்ளிவாசலில் கூடியோர் முதலில் பதிந்தார்கள், பின்னரே எரித்தார்கள்.

நடைமுறையில் நாம் இழப்பது பெரும்பாலும் கொடுமையான சட்டத்தால் அன்று; கவனக்குறைவால். பிரெஞ்சு ஓய்வூதியம் பெறுவோருக்கு ஆண்டுதோறும் வரும் உயிர்வாழ் சான்றுப் படிவம் பழைய முகவரிக்குப் போய்விட்டால், ஓய்வூதியம் நின்றுவிடும். துணைத் தூதரகத்தில் பதிந்த முகவரி மாறியது தெரிவிக்கப்படாவிடில், அங்கிருந்து வரும் அறிவிப்பு வீடு வந்து சேராது. அயல்நாட்டில் ஒருவர் மரணமடையும் வேளையில், ஊரில் உள்ள குடும்பத்தின் சரியான முகவரி கிடைக்காமல் உடலை அனுப்பும் பணியும் தாமதமாகும்.

நம் ஜமாஅத்துகளில் நிக்காஹ் தஃப்தர் உண்டு. சந்தாப் புத்தகம் உண்டு. வெளிநாட்டில் வசிக்கும் நம் மக்களின் முகவரி, தொலைபேசி எண், ஊரில் தொடர்புகொள்ள வேண்டிய உறவினர் பெயர் ஆகியவற்றை அவரவர் விருப்பத்தின்பேரில் எழுதிவைக்கும் ஏடு ஒன்றையும் நிர்வாகக் குழுவினர் தொடங்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை அதைச் சரிபார்க்கலாம். அவ்விவரங்கள் பிறர் கையில் சேராமல் அமானிதமாகக் காக்கப்படுதல் வேண்டும். ஒவ்வொரு குடும்பத்தாரும் 1962 ஆம் ஆண்டு விருப்ப அறிவிப்பு, எத்தா சிவில் நகல், பழைய பாஸ்போர்ட் ஆகியவற்றைத் தேடியெடுத்து, படி எடுத்து வைப்பதும் இன்றியமையாதது.

அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் நம் முன்னோரை நோக்கி எழுந்த வினா இன்றும் ஓயவில்லை. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்போதும், பேரப்பிள்ளைக்கு ஓசிஐ விண்ணப்பிக்கும்போதும் அது மீண்டும் எழுகிறது. நீர் எங்கே குடியிருக்கிறீர்? அதற்கு விடை சொல்லும் காகிதம் நம் பெட்டியில் பத்திரமாக உள்ளதா என்பதை இன்றே பார்த்துக்கொள்வோமாக.