பொட்டிக்கு எந்த லினக்ஸ்? - கொஞ்சம் கொசுவத்தி

வீட்டுக்குப் புதுசா கம்ப்யூட்டர் வாங்குறவங்க முன்னாடியெல்லாம் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவுன்னுதான் கேப்பாங்க. இப்ப அதோட இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருது. "லினக்ஸ் போட்டா சரிப்படுமா? போட்டா எதைப் போடறது?" 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு இல்லையா, அதுல ஆரம்பிச்ச பேச்சு இது. நல்லா ஓடிட்டு இருந்த பொட்டிகள்ல பலதுக்கு விண்டோஸ் 11 கேக்குற டிபிஎம் 2.0 சமாச்சாரம் கிடையாது. புதுசு வாங்கப் போறவங்களுக்கும், "இதுவும் நாலு வருஷம் கழிச்சு இப்படித்தான் ஆகுமோ"ன்னு ஒரு சந்தேகம்.

உபுண்டு, மின்ட்னு ஒரு பேரைச் சொல்லிட்டு நான் அப்பீட் ஆகிடலாம். ஆனா தமிழ்நாட்டுல இந்தக் கேள்விக்குப் பெரிய அளவுல ரெண்டு தடவை பதில் சொல்லிப் பார்த்திருக்காங்க. அந்தக் கதையைக் கேட்டுட்டு முடிவு பண்றது நல்லதுன்னு தோணுது. அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க :-)

அதுக்கு முன்னாடி திறமூலம், கட்டற்ற மென்பொருள்னு சொல்றாங்களே, அது என்னன்னு எங்க ஊர் பாஷையில சொல்லிடறேன். எங்க ஊர் விருத்தாசலம். கோயிலுக்கும் ரயில்வே ஜங்ஷனுக்கும் அடுத்தபடியா எங்க ஊரைத் தெரிஞ்சவங்களுக்கு ஞாபகம் வர்றது செராமிக். அகல் விளக்கு, பொம்மை, பியூஸ் கேரியர்னு செய்யற சின்னச் சின்ன யூனிட்டுகள், செராமிக் படிப்புக்குன்னே ஒரு பாலிடெக்னிக் எல்லாம் இங்க உண்டு. பீங்கான் பொம்மை எப்படி வருதுன்னா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல செஞ்ச மோல்டுக்குள்ள களிமண் கரைசலை ஊத்துவாங்க. மோல்டு தண்ணியை உறிஞ்சிக்கும், சுவரோரமா மண் படலமாப் படியும். மிச்சக் கரைசலை வெளிய கவுத்துட்டு, கொஞ்சம் காஞ்சதும் மோல்டைப் பிரிச்சா உள்ள பொம்மை. அப்புறம் காயவெச்சு சூளையில சுடணும். அந்த மோல்டும் சாசுவதமில்ல. ஊத்த ஊத்தத் தேய்ஞ்சு, மூக்கு முழி மழுங்கிடும். அப்ப மூல உருவம் யார்கிட்ட இருக்கோ அவங்கதான் புது மோல்டு எடுக்க முடியும். விநாயகர் கையில மோதகத்தைப் பெருசாக்கணும்னாலும் அவங்ககிட்டதான் போகணும்.

காசு குடுத்து வாங்குற மென்பொருள்ல நமக்குக் கிடைக்கிறது சுட்ட பொம்மை. கட்டற்ற மென்பொருள்ல பொம்மையோட மூல உருவத்தையும் சேர்த்துக் குடுத்துடறாங்க. உடைஞ்சா நீங்களே ஊத்திக்கலாம், மூக்கை மாத்தலாம், பக்கத்து யூனிட்டுக்கும் குடுக்கலாம். "எனக்கு எதுக்குங்க மூல உருவம், நான் என்ன பொம்மையா செய்யப் போறேன்"னு கேக்கலாம். நீங்க செய்யவேணாம். செய்யத் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இருந்தா போதும். இந்த "பக்கத்துல ஒருத்தர்"ங்கறதை மனசுல வெச்சுக்குங்க, கடைசியில திரும்ப வரும்.

இந்த ஏற்பாட்டை உலகத்துல ஆரம்பிச்சு வெச்சது ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983-ல க்னூ திட்டத்தை அறிவிச்சார். 1989-ல ஜிபிஎல்னு ஒரு உரிமம் எழுதினார். மாத்திக்கோ, மத்தவங்களுக்கும் குடு, ஆனா குடுக்கும்போது மூலத்தையும் சேர்த்துக் குடுங்கறதுதான் அதோட சாரம். 1991-ல பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கர்னலை வெளியிட்டார், மறுவருஷம் அதை ஜிபிஎல் உரிமத்துக்குக் கொண்டுவந்தார். ரெண்டும் சேர்ந்து முழு இயங்குதளம் ஆச்சு. 1993-ல டெபியன், 2004 அக்டோபர்ல உபுண்டு, 2006-ல லினக்ஸ் மின்ட். இன்னிக்கு வீட்டுப் பொட்டிக்குன்னு யார் பேர் சொன்னாலும் அது பெரும்பாலும் இந்தக் குடும்பத்துல ஒண்ணாத்தான் இருக்கும்.

நம்ம பக்கம் இது சிடியா வந்து சேர்ந்துச்சு. 1990-களின் பிற்பகுதியிலேயே பிசிக்வெஸ்ட் இதழோட லினக்ஸ் சிடி இலவசமா வந்துட்டு இருந்துச்சு. டயல்-அப்ல ஒரு பாட்டு இறக்கவே பொழுது போயிடற காலம், 600 எம்பியை யார் இறக்குறது! அப்புறம் உபுண்டுக்காரங்க ஷிப்இட்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. முகவரி குடுத்தாப் போதும், தபால் செலவும் அவங்களோடது, சிடி வீடு தேடி வரும். 2005-லேர்ந்து 2011 வரைக்கும் அது நடந்துச்சு. அட்டைப்படம் போட்ட அந்த சிடி உறையைப் பத்திரமா வெச்சிருக்கறவங்க நம்ம பதிவர்கள்லயே நிறைய பேர் இருப்பீங்க.

ஆனா சிடி வந்தா ஆச்சா? தமிழ் தெரியணுமே! விண்டோஸ் 98 காலத்துல தமிழ் யூனிகோடை ஒழுங்காத் தெரியவைக்கறதே பெரும்பாடு. அதிராம்பட்டினம் உமர் தம்பி தேனீ எழுத்துருவைச் செஞ்சு எல்லாருக்கும் சும்மா குடுத்தார். 2006-ல அவர் மறைஞ்சப்ப தமிழ் வலைப்பதிவுலகமே கலங்குச்சு. லினக்ஸ் பக்கத்துலயும் இதே மாதிரிதான். 2000-த்தை ஒட்டிய வருஷங்கள்ல, தமிழ்நாடு, இலங்கை, வெளிநாடுன்னு சிதறிக் கிடந்த தன்னார்வலர்கள் மடற்குழுவுல ஒண்ணு கூடி, கேடியீ மாதிரியான பணிமேடைகளோட பட்டியல்களை ஒவ்வொரு வரியா மொழிபெயர்த்தாங்க. கோப்பு, தொகு, சேமின்னு நாம இன்னிக்குச் சாதாரணமாப் படிக்கிற சொற்களை வெச்சு எவ்வளவு வாய்த்தகராறு நடந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி அரசு ஏத்துக்கிட்ட தமிழ்99 விசைப்பலகையும் லினக்ஸுக்குள்ள வந்துடுச்சு. யார்கிட்டயும் அனுமதி கேட்டு நிக்கவேண்டிய அவசியமே இல்லாம இதெல்லாம் நடந்துச்சு. மூல உருவம் கையில இருந்ததால வந்த வசதி அது.

இப்ப மெயின் மேட்டருக்கு வர்றேன். முதல் சோதனை எல்காட்ல நடந்தது. தமிழ்நாடு அரசோட மின்னணு நிறுவனம் அது. 2006-ல அதோட நிர்வாக இயக்குநரா வந்தவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கர். 2006-07-ல எல்காட் அலுவலகத்துப் பொட்டிகளை சூசே லினக்ஸுக்கு மாத்தினார். அரசுப் பள்ளிகளுக்கு வாங்கின கம்ப்யூட்டர்களுக்கும் லினக்ஸ் போச்சு. உரிமக் காசு மிச்சம்கறது ஒரு காரணம். அதைவிட முக்கியம், வைரஸ் தொல்லை இல்ல, ஒரே கம்பெனியைக் கட்டிக்கிட்டு அழவேண்டியதில்ல. ஒரு அரசு நிறுவனம் மொத்தமா வாங்கும்போது "லினக்ஸ்ல வேலை செய்யணும்"னு கறாராச் சொன்னா, பிரிண்டர் கம்பெனிக்காரன் டிரைவர் எழுதித்தான் ஆகணும். தனி ஆளா நாம கேட்டா நடக்குமா?

அதே சமயத்துல மத்திய அரசுப் பக்கமும் வேலை நடந்துச்சு. 2005-ல சி-டாக் சென்னையும் அண்ணா பல்கலையோட ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கு ஒரு தேசிய வள மையம் ஆரம்பிச்சாங்க. டெபியனை அடிப்படையா வெச்சு பாஸ் லினக்ஸ் 2007 ஜனவரியில வந்துச்சு. தமிழ் உள்பட இந்திய மொழிகளுக்காகச் சென்னையிலேயே சுட்டெடுத்த இயங்குதளம்னு பெருமையாவே சொல்லலாம்.

ரெண்டாவது சோதனைக்கு இந்த பாஸ்தான் கதாநாயகன். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னிக்கு முதல்வர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வெச்சார். அந்த லேப்டாப்புகள்ல விண்டோஸ், பாஸ் ரெண்டும் இருந்துச்சு. பொத்தானை அழுத்தினா எது வேணும்னு கேக்கும். இந்தியாவுல இத்தனை லட்சம் வீட்டுக்குள்ள ஒரே திட்டத்துல லினக்ஸ் நுழைஞ்சது அப்பதான்னு நினைக்கிறேன். வேற எந்த ஊர் லினக்ஸ்காரனும் கனவுல கூடப் பார்க்க முடியாத வாய்ப்பு.

என்ன ஆச்சு? எங்க தெருவுல, சொந்தக்காரங்க வீட்டுலன்னு நான் பார்த்த லேப்டாப்புகள்ல பாஸ் ஒரு வருஷம் தாண்டினதே அபூர்வம். "இது எதுக்குண்ணே சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு"ன்னு அந்தப் பார்ட்டிஷனை அழிச்சு சினிமா ஏத்திக்கிட்டாங்க பசங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். திறந்து காட்ட ஆள் இல்ல. ப்ளஸ் டூ பாடத்துல ஒரு காலத்துல ஸ்டார் ஆபீஸ் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதிட்டு, வீட்டுக்கு வந்து வேற எதுலயோ டைப் அடிச்சோம். எல்காட்ல நடந்ததும் ஒரு அதிகாரி முன்ன நின்னு நடத்தினது. அவர் வேற இடத்துக்குப் போனதும் அந்த வேகமும் குறைஞ்சுபோச்சு.

மலையைத் தாண்டி அந்தப் பக்கம் பாருங்க. கேரளாவுல 2001-ல ஐடி அட் ஸ்கூல் திட்டம் ஆரம்பிச்சாங்க. சில வருஷத்துல பள்ளிக்கூடம் முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கே போயிட்டாங்க. 2017-ல அந்தத் திட்டம் கைட்ங்கற அரசு நிறுவனமா வளர்ந்து, உபுண்டுவை அடிப்படையா வெச்சு பள்ளிக்கூடத்துக்குன்னே ஒரு லினக்ஸைத் தானே தயாரிச்சுக் குடுக்குது. அவங்க மலையாளி, நம்மளைவிட புத்திசாலிங்கற கதையெல்லாம் வேணாம். அவங்க முதல்ல வாத்தியாருங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. அந்த வாத்தியாருங்க மத்த வாத்தியாருங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. செய்முறைத் தேர்வையும் லினக்ஸ்லயே வெச்சாங்க. பொட்டி கெட்டுப்போனா சரிபண்ண ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் ஒரு ஆள் இருந்தார். அங்க லினக்ஸ் நின்னதுக்கும் இங்க நிக்காததுக்கும் எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் இவ்வளவுதான்.

சரி, இங்க ஒண்ணுமே மிஞ்சலையான்னா, அப்படியும் இல்ல. உத்தரவு போட்டு வந்தது கரைஞ்சுபோச்சு, ஆளுங்க கூடி செஞ்சது நிக்குது. 2012 ஜனவரியில ஆரம்பிச்ச கணியம் மின்னிதழ் லினக்ஸைத் தமிழ்லயே படிக்கவெச்சுது. எங்களுக்குப் பக்கத்து விழுப்புரத்துல க்னூ/லினக்ஸ் பயனர் குழு இருக்கு. கிராமத்துப் பசங்களுக்கு இலவசமாக் கம்ப்யூட்டர் சொல்லித் தர்றாங்க. 2018-ல வந்த பதினொண்ணாம் வகுப்பு கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்துல விண்டோஸ் பக்கத்துலயே உபுண்டுவுக்கும் பாடம் வெச்சாங்க. ஆபீஸ் மென்பொருளுக்கு ஓப்பன் ஆபீஸ்.

என் அக்கா பொண்ணுக்குப் பொட்டி வாங்கினப்ப இதையெல்லாம் யோசிச்சுதான் உபுண்டு போட்டுக் குடுத்தேன். "மாமா, ஸ்கூல் லேப்ல விண்டோஸ்தான இருக்கு?"ன்னு கேட்டா. "இருக்கட்டும் பாப்பா, ரெண்டையும் கத்துக்க"ன்னேன். உபுண்டுதான் உலகத்துலயே சிறந்ததுன்னு சொல்ல வரலை. அவ பாடப் புத்தகத்துல அது இருக்கு, எனக்கு அது தெரியும், எனக்கும் தெரியலைன்னா கேக்க விழுப்புரத்துல ஆள் இருக்கு. உங்க தெருவுல மின்ட் தெரிஞ்ச அண்ணன் இருந்தா மின்ட் போடுங்க. டெபியன் தெரிஞ்ச வாத்தியார் இருந்தா டெபியன். பாஸ் தெரிஞ்சவர் இருந்தா தாராளமா பாஸ்.

போடறதுக்கு முன்னாடி நாலு விஷயம் மட்டும் பார்த்துக்குங்க.

1. பென் டிரைவ்லேர்ந்தே லைவா ஓட்டிப் பாருங்க. ஹார்ட் டிஸ்கைத் தொடவேண்டியதில்ல. வைஃபை, சத்தம், வெப்கேம் எல்லாம் வேலை செய்யுதான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். கடைக்காரர் சம்மதிச்சா கடையிலயே பார்த்துடலாம்.

2. பிரிண்டர் இருந்தா அதையும் செருகிப் பாருங்க. பின்னாடி சண்டை வர்றது பெரும்பாலும் அங்கதான்.

3. தமிழ்99-ஓ, அஞ்சலோ, உங்க கைக்குப் பழகின விசைப்பலகை ஓடுதான்னு ரெண்டு வரி தட்டிப் பாருங்க. நமக்கு அதானே சோறு!

4. உபுண்டு போடறதா இருந்தா எல்டிஎஸ் பதிப்பா எடுங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஏப்ரல்ல வரும், அஞ்சு வருஷத்துக்கு அப்டேட் உண்டு. வீட்டுக்கு அதுதான் நிம்மதி.

கடைக் கணக்குக்கு டேலி ஓடியே ஆகணும்கிற வீடா இருந்தா விண்டோஸை அழிச்சுடாதீங்க, ரெண்டும் இருக்கட்டும். அந்த லேப்டாப்புகள்ல இருந்த மாதிரியே. ஒரே வித்தியாசம், இந்தத் தடவை பொட்டியைத் திறந்ததும் முதல் ஒரு வாரம் பக்கத்துல நீங்க உக்காருங்க.