பழைய வீடும் பழைய குடிகளும்

பழுதுற்ற வீட்டைத் திருத்திக்கொண்டு அங்கேயே வாழ்வதா, வேறிடம் பெயர்வதா என்பது ஒரு குடும்பத்தின் சொந்த விருப்பம் என்றே பொதுவாக எண்ணுகிறோம். சொந்த வீடுடையோர்க்கு இது ஓரளவு பொருந்தலாம். வாடகைக் குடியிருப்பாளனுக்கோ அத்தீர்மானம் கைக்கெட்டாதது. வீடு சிதைந்தால் அவன் வெளியேறுகிறான். வீடு திருத்தப்பட்டு வாடகை உயர்ந்தாலும் அவனே வெளியேறுகிறான். இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட முனைந்த ஒரு நகரத்தின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

வட இத்தாலியிலுள்ள பொலோஞா நகரம், 1945 முதல் பல தசாப்தங்கள் கம்யூனிஸ்டுகளின் தலைமையிலான நகரசபையின் நிர்வாகத்தில் இருந்தது. வீதியோரத் தூண்மண்டபங்களுக்குப் பேர்பெற்ற அதன் பழைய நடுப்பகுதியில், ஒடுங்கிய வீடுகளில் தொழிலாளரும் கைவினைஞரும் முதியோரும் வாழ்ந்தனர். இரண்டாம் உலகப் போரின் பின்னர் நகரம் புறத்தே விரிந்தது. வீடமைப்பு நிதியும் புறநகர்ப் புதுக் குடியிருப்புகளுக்கே சென்றது. கவனிப்பாரற்ற பழைய வீடுகள் சிதைந்தன. நடுப்பகுதியின் சனத்தொகை குறைந்தது.

1969இல் நகரசபை பழைய நடுப்பகுதியைப் பாதுகாக்கும் திட்டமொன்றை வகுத்தது. ஆயினும் கட்டடங்களைக் காத்தால் மட்டும் போதுமா? அழகுபெற்ற வீதியில் செல்வர் குடியேற, ஏழைகள் அகற்றப்படுவரெனின் அப்பாதுகாப்பு யாருக்கு உரியது? இவ்வினாவுக்கு விடையாகவே 1973ஆம் ஆண்டுத் திட்டம் தோன்றியது. நகரசபையில் பொறுப்பு வகித்த கட்டடக்கலைஞர் பியேர் லூயிஜி செர்வெல்லாத்தி அதன் முதன்மைச் சிற்பிகளுள் ஒருவர். பொதுமக்கள் வீடமைப்புக்குரிய நிதியைப் பழைய வீடுகளைத் திருத்துவதற்குப் பயன்படுத்தியமையே அதன் புதுமை. 1971ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் இதற்குத் துணைநின்றது. சான் லெயொனார்தோ, சொல்ஃபெரீனோ முதலிய பகுதிகளில் வேலைகள் தொடங்கின. திருத்தவேலை நடைபெறும் காலத்தில் குடியிருப்பாளர் அண்மையிலிருந்த தற்காலிக வீடுகளில் தங்கி, பின்னர் மீளத் திரும்புவதற்கு வழி செய்யப்பட்டது.

தனியார் வீடுகளை நகரசபை சுவீகரிப்பதே தொடக்க நோக்கமாக இருந்தது. உடைமையாளரின் எதிர்ப்பு எழுந்தது. அவர்களுள் சிறு உடைமையாளரும் பலர். நகரசபை பின்வாங்கி, உடைமையாளருடன் ஒப்பந்தம் செய்யும் வழியை நாடியது. உதவி பெறுவோர் வாடகையைக் கட்டுப்படுத்தவும் பழைய குடிகளை மீள ஏற்கவும் உடன்பட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சொத்துரிமையைத் தொடாது குடியுரிமையைக் காக்க முயன்ற சமரசம் இது. சமரசத்தின் பயனும் மட்டுப்பட்டதாகவே அமைந்தது. திருத்தப்பட்ட வீடுகள் நகரின் ஒரு சிறு பகுதியே. பிற்காலத்தில் சந்தையின் கை ஓங்கி, நடுப்பகுதியின் வாடகை ஏறியது.

எனினும் இம்முயற்சியைத் தோல்வியெனத் தள்ளிவிடுதல் வரலாற்றுணர்வு ஆகாது. பழைய நகரைக் காத்தல் என்பது கல்லையும் சுண்ணாம்பையும் மட்டுமன்றி, அங்கு வாழ்வோரையும் காப்பதே எனும் கொள்கையை ஒரு நகரசபை நடைமுறையில் நிறுத்திக் காட்டியது. அதன் குறைபாடும் நமக்குப் பாடமே. ஓரிடத்தில் நிலைத்து வாழும் உரிமை, கொத்தனின் திறமையினால் மட்டும் கிட்டுவதன்று. வாடகையையும் நிலத்தின் விலையையும் நிர்ணயிக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதிலேயே அது தங்கியுள்ளது.