ஹிஜாஸின் நெருப்பும் நிலத்தின் எச்சரிக்கையும்

அறபு நாட்டின் மேற்குப் பகுதியை எண்ணும்போது மணற்பரப்பும் பேரீச்சந் தோப்புகளுமே நம் மனக்கண்முன் எழுகின்றன. ஆனால், மதீனா மாநகரைச் சென்று கண்டோர் அந்நகரின் கிழக்கிலும் மேற்கிலும் எரிந்து கரிந்தவை போன்ற கற்கள் இறைந்து கிடக்கும் நிலப்பரப்பை அறிவர். இத்தகைய நிலத்தை அறபு மக்கள் ‘ஹர்ரா’ என்பர். அகழ்ப்போரின்போது நகரின் வடபுறத்தில் அகழ் தோண்டியதே போதுமானதாயிற்று. ஏனைய திசைகளில் இக்கருங்கற் பரப்புகளும் தோப்புகளும் வீடுகளும் அரணாய் நின்றமையே அதற்குக் காரணம். ஹிஜ்ரி 63-ஆம் ஆண்டில் யஸீதின் படை மதீனாவைத் தாக்கிய துயர நிகழ்ச்சியையும் வரலாற்றாசிரியர்கள் ‘ஹர்ராப் போர்’ என்றே வழங்குகின்றனர். நம் செவிக்கு இத்துணை பழகிய ஒரு சொல்லுக்குள் எரிமலையின் வரலாறு ஒன்று அடங்கிக் கிடப்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஹர்ரா என்பது பூமியின் உள்ளிருந்து பொங்கி வழிந்த பாறைக் குழம்பு ஆறி இறுகிய நிலம். செங்கடல் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவில் இன்றும் அகன்று வருகிறது. ஆப்பிரிக்காவும் அறேபியாவும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் அந்த இழுவிசையோடு தொடர்புற்ற எரிமலை நிலங்கள் யமன் முதல் ஷாம் வரை பரந்து கிடக்கின்றன. அவற்றுள் மதீனாவுக்குத் தெற்கே நீண்டு செல்லும் ‘ஹர்ரத் ரஹத்’ மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதன் பரப்பு ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர். இந்நிலம் மனிதர் காண நெருப்பைக் கக்கிய நிகழ்ச்சி ஹிஜ்ரி 654-இல், அதாவது கி.பி. 1256-இல் நடந்தேறியது.

அந்நிகழ்ச்சியை நாம் இன்று நாள் கணக்கோடு அறிய முடிகிறதென்றால், அதற்காக அக்காலத்து எழுத்தாளர்களுக்கே நன்றி கூறல் வேண்டும். திமிஷ்க் நகரில் வாழ்ந்து ஹிஜ்ரி 665-இல் மறைந்த அபூ ஷாமா என்னும் அறிஞர், மதீனாவிலிருந்து வந்த மடல்களைத் தம் வரலாற்று நூலில் சேர்த்து வைத்தார். அக்கடிதங்கள் அதே ஆண்டின் ஷஃபான் மாதத்தில் திமிஷ்கை வந்தடைந்தன. குத்புத்தீன் கஸ்தல்லானி என்பார் இந்நெருப்பைப் பற்றியே தனி நூல் ஒன்றை யாத்தார். பின்னர் வந்த இப்னு கதீரும், மதீனாவின் வரலாற்றை விரிவாக எழுதிய ஸம்ஹூதியும் இச்செய்திகளைத் தொகுத்து நமக்கு அளித்துள்ளனர்.

அவர்கள் தரும் செய்தி இதுவே. ஜமாதுல் ஆகிர் மாதத் தொடக்கத்தில் நிலம் இலேசாக அதிரத் தொடங்கிற்று. மூன்றாம் நாள் புதன் இரவில் பேரொலி ஒன்று எழுந்தது. அதனைத் தொடர்ந்து நிலம் வன்மையாக நடுங்கிற்று. பின்னர் அந்நடுக்கம் ஓயவில்லை. மணிக்கு மணி, விட்டு விட்டு, வெள்ளிக்கிழமை வரை நீடித்தது. சுவர்கள் ஆடின, கூரைகள் முனகின, மக்கள் மஸ்ஜிதுந் நபவியில் திரண்டனர். மாதத்தின் ஐந்தாம் நாளான அந்த வெள்ளியன்று, கி.பி. 1256 ஜூன் 30-இல், நகரின் தென்கிழக்கேயுள்ள ஹர்ராவில் நிலம் பிளந்து நெருப்பு வெளிப்பட்டது.

நகரின் காழி அமீரிடம் சென்று, தவறுகளிலிருந்து மீளுமாறு அறிவுறுத்தினார் என்றும், அமீர் தம் அடிமைகளை விடுதலை செய்து, மக்களிடமிருந்து பெற்ற பொருள்களைத் திருப்பி அளித்தார் என்றும் அம்மடல்களில் காண்கிறோம். அச்சத்தின் நடுவே அநீதியைக் களையவேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்குத் தோன்றியது. அதே வேளையில், நடுக்கம் எந்த இரவில் தொடங்கிற்று, எத்தனை நாள் நீடித்தது, நெருப்பு எத்திசையில் நகர்ந்தது என்பவற்றைக் குறித்து வைக்கவும் அவர்கள் மறக்கவில்லை. இறையச்சமும் கூர்நோக்கும் ஒரே மடலில் இடம்பெற்றமை நாம் நினைவில் இருத்தத்தக்கது.

ஹிஜாஸிலிருந்து ஒரு நெருப்பு வெளிப்படும் என்றும், ஷாம் நாட்டின் புஸ்ராவில் ஒட்டகங்களின் கழுத்துகள் அதன் ஒளியில் தெரியும் என்றும் பொருள்படும் நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. தம் வாழ்நாளில் 654-ஆம் ஆண்டு மதீனாவில் வெளிப்பட்ட நெருப்பை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் முஸ்லிம் விரிவுரையில் குறிப்பிடுகின்றார்கள். புஸ்ராப் பகுதியினர் அவ்வொளியைக் கண்டதாக வந்த செய்தியை இப்னு கதீர் பதிவு செய்துள்ளார். அதே ஆண்டு ரமளான் தொடக்கத்தில் விளக்கு நெருப்பால் மஸ்ஜிதுந் நபவி எரிந்தது. ஈராண்டு கழிந்து 656-இல் பக்தாது வீழ்ந்தது. எனவே, அத்தலைமுறையினர் இம்மூன்றையும் ஒருசேர வைத்தே நினைவு கூர்ந்தனர்.

அக்குறிப்புகளைக் கையிலெடுத்துக்கொண்டு இக்காலப் புவியியலார் அந்நிலத்தை அளந்தனர். 1987-இல் வெளிவந்த ஆய்வொன்று, இரண்டேகால் கிலோமீட்டர் நீளமுள்ள பிளவு ஒன்றின்மீது ஆறு கூம்புகள் எழுந்ததையும், 52 நாள்களில் ஏறத்தாழ அரைக் கன கிலோமீட்டர் குழம்பு வெளிவந்ததையும், அது 23 கிலோமீட்டர் ஓடி நகரை எட்டுக் கிலோமீட்டர் அளவுக்கு நெருங்கியதையும் எடுத்துரைத்தது. 52 நாள் என்னும் கணக்கு கற்களிலிருந்து கிடைத்ததன்று, ஏட்டிலிருந்து கிடைத்தது. நடுக்கம் தொடங்கியதற்கும் நெருப்பு வெளிப்பட்டதற்கும் இடையே ஒரு வாரம்கூட இல்லை என்னும் மிக அரிய செய்தியும் ஏட்டிலிருந்தே கிடைத்தது.

நெருப்புக்கு முன்னர் நிலம் நடுங்குவது ஏன்? ஆழத்திலுள்ள பாறைக் குழம்பு மேலே வர வழி தேடுகிறது. அது பாறையைப் பிளந்து, செங்குத்தான சுவர்போல் அப்பிளவில் புகுகிறது. பிளக்கும் ஒவ்வொரு கணமும் ஒரு சிறு நடுக்கமாக வெளிப்படுகிறது. வழக்கமான நிலநடுக்கத்தில் முதலில் ஒரு பெரும் அதிர்ச்சி தோன்றும். பின்வருவன வரவரச் சிறுத்துத் தேயும். குழம்பு நகரும்போதோ தலைமையான ஓர் அதிர்ச்சி இல்லாமல், ஏறத்தாழ ஒத்த அளவுடைய நடுக்கங்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கூட்டமாக வரும். இதனை நடுக்கத் திரள் எனலாம். பல இடங்களில் பதிவுக் கருவிகளை வைத்து, அதிர்வலை ஒவ்வொன்றையும் வந்தடைந்த நேரத்தை ஒப்பிட்டால், நடுக்கம் பிறந்த இடமும் ஆழமும் தெரிகின்றன. நாள்தோறும் அவ்விடம் மேல்நோக்கி நகருமாயின், கவலைப்பட வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அறியலாம். நிலம் உப்புவதையும் விரிவதையும் செயற்கைக்கோளின் ராடார் படங்கள் காட்டுகின்றன. கசியும் ஆவிகளும் சான்று பகர்கின்றன.

இவ்வறிவு ஹிஜாஸில் பயன்பட வேண்டிய வேளை 2009-இல் வந்தது. மதீனாவுக்கு வடமேற்கே, செங்கடலை ஒட்டி ‘ஹர்ரத் லுனய்யிர்’ என்னும் சிறிய எரிமலை நிலம் இருக்கிறது. அங்கே ஐம்பது அளவிலான கூம்புகள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குமுறியிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை அந்நிலத்தின் அடியில் 30,000-க்கும் மேற்பட்ட நடுக்கங்கள் பதிவாயின. மே 19-இல் 5.4 அளவுடைய நடுக்கம் ஒன்று ஏற்பட்டு, அல்ஈஸ் என்னும் சிற்றூரில் சில கட்டடங்களுக்குச் சேதம் விளைத்தது. எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தின் மேற்பரப்பு பிளந்தது. சவூதி அரசு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை அப்பகுதியிலிருந்து வெளியேற்றி வேறிடங்களில் தங்கவைத்தது.

சவூதி புவியியல் ஆய்வகத்தார் புதிய கருவிகளை விரைந்து நிறுவினர். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் எரிமலை வல்லுநர்களும் அவர்களோடு சேர்ந்து பணியாற்றினர். ராடார் படங்களும் அதிர்வுப் பதிவுகளும் ஒரே கதையைக் கூறின. பத்துக் கிலோமீட்டர் அளவு நீண்ட குழம்புச் சுவர் ஒன்று நிலத்தைப் பிளந்துகொண்டு ஏறி வந்து, மேற்பரப்புக்கு இரண்டு கிலோமீட்டர் அளவுக்குக் கீழே நின்றுவிட்டது. நடுக்கங்கள் படிப்படியாகக் குறைந்தன. சில திங்களில் மக்கள் வீடு திரும்பினர். நெருப்பு வெளிப்படவில்லை.

ஈண்டு ஒரு வினா எழுகிறது. வெளிப்படாத நெருப்புக்காக அத்துணை ஆயிரம் பேரை வீட்டைவிட்டு வெளியேற்றியது வீண் செயலா? கால்நடைகளையும் தோட்டங்களையும் விட்டுப் பிரிந்து, பிள்ளைகளோடு வேற்றூரில் திங்கள் கணக்கில் தங்கியவர்களுக்கு இவ்வினாவைக் கேட்கும் உரிமை உண்டு. இதனை எளிதில் தள்ளிவிடுதல் முறையன்று.

இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகேயுள்ள பொட்சுவோலி நகரத்து மக்களும் இதே வினாவை எழுப்பியிருப்பர். 1982 முதல் 1984 வரை அந்நகரின் நிலம் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது. நடுக்கங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. 40,000 பேர் அளவில் இடம்பெயர்க்கப்பட்டனர். எரிமலை குமுறவில்லை. ஆயினும், பலர் பழைய வீடுகளுக்குத் திரும்பவே இல்லை. புதிதாகக் கட்டப்பட்ட குடியிருப்பில் வாழ்க்கையை மீண்டும் தொடங்கினர். 2025-இன் தொடக்கத்தில் கிரேக்க நாட்டின் சாந்தோரினித் தீவிலும் இவ்வாறே நடுக்கத் திரள் தோன்றி, மக்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறினர். அங்கும் நெருப்பு எழவில்லை.

மறுபுறத்தையும் காண்போம். பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாத்துபோ மலை 1991 ஏப்ரலில் நடுங்கி ஆவி கக்கத் தொடங்கியது. அந்நாட்டு அறிஞரும் அமெரிக்க வல்லுநரும் இரவு பகலாக நடுக்கங்களைக் கணக்கிட்டு எச்சரிக்கையைப் படிப்படியாக உயர்த்தினர். பல்லாயிரம் மக்கள் அகற்றப்பட்டனர். ஜூன் 15-இல் அம்மலை இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரும் வெடிப்புகளுள் ஒன்றாக வெடித்தது. அன்றே புயல் மழையும் சேர்ந்தது. நனைந்த சாம்பலின் பாரத்தால் கூரைகள் சரிந்து பல நூறு பேர் மாண்டனர். எனினும், வெளியேற்றம் நிகழாதிருந்தால் மேலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

இவ்வரலாறுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. நடுக்கத்தின் எண்ணிக்கையோ நீடிக்கும் காலமோ மட்டும் முடிவைச் சொல்வதில்லை. மதீனாவில் சில நாள்களே நிலம் நடுங்கிற்று, நெருப்பு வந்தது. லுனய்யிரில் திங்கள் கணக்கில் நடுங்கிற்று, நெருப்பு வரவில்லை. குழம்பு ஏறி வரும் வழியில் எங்கே நிற்கும் என்பதை எக்கருவியும் முன்கூட்டி உறுதியாகக் கூறியதில்லை. ஆகவே, வெளியேற்ற ஆணை பிறப்பிக்கும் அதிகாரி நெருப்பு வரும் என்று வாக்களிக்கவில்லை. வரக்கூடிய நேரத்தில் மக்கள் அங்கிருக்கலாகாது என்றே முடிவு செய்கிறார். பின்னர் நெருப்பு வராமற்போனதை வைத்து அம்முடிவைக் குறை கூறுதல் நீதியாகாது. அதே நீதி அரசுக்கும் ஒரு கடமையை விதிக்கிறது. வெளியேற்றப்பட்டவரின் இழப்பை ஈடுசெய்வதும், அவர்களுக்கு உண்மை நிலையை மறைக்காமல் உரைப்பதும் அக்கடமையாகும். இழப்பைத் தனியே சுமக்க விடப்பட்ட மக்கள் அடுத்த எச்சரிக்கைக்குச் செவி சாய்க்க மாட்டார்கள்.

இன்று மதீனா பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் மாநகர். பழைய நகரின் எல்லைகளைக் கடந்து அது கருங்கற் பரப்புகளை நோக்கி வளர்ந்திருக்கிறது. ஆண்டுதோறும் உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் அங்கே வந்து தங்குகின்றனர். ஹர்ரத் ரஹத் நாளையே குமுறும் என்று யாரும் கூறவில்லை. அது நூற்றாண்டுகள் உறங்கும் நிலம். ஆயினும், அது விழிக்கத் தொடங்கினால் கிடைக்கும் அவகாசம் சில நாள்களே இருக்கலாம் என்பதை 654-ஆம் ஆண்டின் மடல்கள் காட்டுகின்றன. கருவிகளை அங்கே இடைவிடாது இயக்கி வருவதன் தேவையை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்கும் சான்று வேறில்லை.

நடுங்கும் வீட்டினுள் இருந்துகொண்டு, இன்ன இரவு, இன்ன நேரம் என்று எழுதி வைத்த அம்மதீனாவாசிகள் தாம் புவியியலுக்குத் தொண்டு செய்கிறோம் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். தொலைவிலிருந்த நண்பர்களுக்கு நடந்ததை நடந்தபடி தெரிவித்தனர், அவ்வளவே. அந்த உண்மையுரை ஏழரை நூற்றாண்டுகளுக்குப் பின் அளவுகோலாக நின்று உதவுகிறது. நம் ஊர்களில் வெள்ளமும் புயலும் வறட்சியும் வந்து போகின்றன. அவற்றின் நாளையும் அளவையும் குறித்து வைப்போர் நம்மிடையே எத்தனை பேர்? இக்கேள்வியை நாம் ஒவ்வொருவரும் நமக்கு நாமே கேட்டுக்கொள்ளுதல் நலம்.