நாலு மணி நேரத்துக்கு ஒன்று

செவிலிமேட்டில் பெரியப்பா வீட்டுச் சுவரில் எப்போதும் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். கிழித்த தாள்களைப் பெரியம்மா எறிய மாட்டார். பின்பக்கம்தான் வீட்டுக் கணக்கு எல்லாம்: பால், ஜரிகை, தறிக்கூலி முன்பணம். பெரியப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு அதே தாள்களில் வேறொரு கணக்கு ஏறியது. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு கோடு. இரவு 10-க்கு மட்டும் இரண்டு கோடு. ஒரு கோடு என்றால் 10 மில்லிகிராம் மார்ஃபின்.

இந்தக் கணக்கு முதல் நாளிலிருந்து இருந்ததில்லை. ஒரு ராத்திரிக்குப் பிறகு வந்தது.

மார்ஃபின் தொடங்கி இரண்டாவது வாரம். வெளியூர் மருத்துவமனை ஒன்றில் கொடுத்த மாத்திரை. சீட்டில் எழுதியிருந்தார்கள், வாயால் யாரும் விளக்கவில்லை. அங்கே வரிசை அவ்வளவு நீளம். அன்று இரவு வலி அதிகமாகி, பதினோரு மணிக்கு அண்ணன் கூடுதலாக ஒன்று கொடுத்தார். அரை மணி நேரம் பார்த்தார், குறையவில்லை. இன்னொன்று. பார்க்கப் பொறுக்காமல் கால் மணி நேரத்தில் பெரியம்மா மூன்றாவதையும் கொடுத்தார். தூக்கத்துக்கென்று பழைய சீட்டில் இருந்த அல்பிரசோலம் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. இரண்டு நாளாக வாந்தி வேறு. தண்ணீர் இறங்கவில்லை, சிறுநீரும் சரியாகப் பிரியவில்லை. ஒரு மணி வாக்கில் பெரியப்பா பலமாகக் குறட்டை விட ஆரம்பித்தார். "அப்பாடா, தூங்கிட்டார்" என்று எல்லோரும் தலையைச் சாய்த்தார்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா, செவிலியராக வேலை பார்ப்பவர். இரவுப் பணி முடித்து வந்தவர் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். பெரியப்பாவின் தோளை உலுக்கினார், நெஞ்செலும்பில் முட்டியால் அழுத்தித் தேய்த்தார். கண் திறக்கவில்லை. மூச்சை எண்ணினார். நிமிடத்துக்கு ஆறு. "இது தூக்கம் இல்லடா, 108-க்கு அடி" என்றார். மருத்துவமனையில் நரம்பில் ஒரு ஊசி போட்டார்கள். இரண்டு நிமிடத்தில் கண் திறந்து, வலியில் கத்தினார். அதற்கப்புறம் மூன்று மாதம் இருந்தார். பேத்தியின் காதுகுத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

எங்கள் வீட்டில் யாரும் முட்டாள்கள் இல்லை. கோர்வைப் புடவையில் இழை எண்ணிக் கரை சேர்க்கிறவர்கள். எண்ணத் தெரிந்த வீட்டில் இது எப்படி நடந்தது என்று தேடத் தொடங்கியபோது இருநூறு வருடம் பின்னால் போக வேண்டியிருந்தது.

ஜெர்மனியில் பாடர்போர்ன் என்ற ஊரில் ஃபிரீட்ரிக் ஸெர்ட்யூர்னர் என்ற இளைஞர் மருந்துக்கடை உதவியாளராக இருந்தார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தவர் அவர். கிரேக்கக் கனவுக் கடவுளான மார்ஃபியஸின் பெயரை அதற்கு வைத்தார். 1817-இல் வெளியிட்ட கட்டுரையில் தன்மீதும் மூன்று இளைஞர்கள்மீதும் செய்த சோதனையை விவரிக்கிறார். நால்வரும் சுமார் 30 மில்லிகிராம் குடித்தார்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடி அதே அளவு. கால் மணி நேரத்தில் மூன்றாவது முறை. பிறகு மயக்கம், வயிற்றுவலி, தளர்ச்சி. பயந்துபோய் வினிகரைக் குடிக்க வைத்து வாந்தி எடுக்கச் செய்தார்.

அரை மணி, கால் மணி. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. உலகத்தில் மார்ஃபினை முதலில் கையிலெடுத்த மனிதர் செய்த அதே தவறை, அதே இடைவெளியில், அண்ணனும் பெரியம்மாவும் செய்திருக்கிறார்கள். வாயால் விழுங்கும் சாதாரண மார்ஃபின் உச்சத்துக்கு வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். முதலாவது ஏறி முடிவதற்குள் மூன்றாவது உள்ளே போய்விடுகிறது. தமிழ் இலக்கணத்தில் மாத்திரை என்றால் கால அளவு: கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். மருந்துக்கும் அதே பெயரை வைத்திருக்கிறோம். ஆனால் மருந்து மாத்திரையை எண்ணுகிறோம், அதற்குள் இருக்கும் காலத்தை எண்ணுவதில்லை.

அந்தக் காலத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சிசிலி சாண்டர்ஸ். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கியவர். வலி வந்து நோயாளி கெஞ்சிய பிறகு கொடுக்காதே, மணிக்கணக்கில் முன்கூட்டியே கொடு என்பது அவர் வழி. 1986-இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வெளியிட்ட வழிகாட்டி அதையே சொன்னது: வாய்வழியாக, கடிகாரப்படி, வலியின் படிநிலைக்கு ஏற்ப.

அதற்கு முந்தைய வருடம்தான் நம் நாட்டில் கதவு சாத்தப்பட்டது. இந்தியாவுக்கும் அபினுக்கும் நீண்ட உறவு. நம் குருமாவில் அரைக்கும் கசகசா அந்தச் செடியின் விதைதான். பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் அபின். கிழக்கிந்தியக் கம்பெனி அதை விற்றுச் சீனாவையே ஆட்டிவைத்தது. அப்போது தொடங்கிய காஸிப்பூர் தொழிற்சாலையும், பின்னால் வந்த நீமச் தொழிற்சாலையும் அரசின் கையில் அபினைப் பதப்படுத்தி வந்தன. உலகத்தின் மருந்துக் கம்பெனிகளுக்குச் சட்டப்படி அபின் ஏற்றுமதி செய்த நாடு இது. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடத்தல்காரனையும் மருத்துவமனையையும் ஒரே வலையில் பிடித்தது. மார்ஃபின் வாங்க, வைத்திருக்க, மாநில எல்லை தாண்டிக் கொண்டுவரத் தனித்தனி உரிமங்கள் வேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். தவறினால் பத்து வருடச் சிறைவரை பேச்சு. மருத்துவமனைகள் ஒதுங்கிக்கொண்டன. மருந்துக்கு மார்ஃபின் பயன்படுத்துவது சுமார் 97 சதவீதம் வீழ்ந்து, 1997-இல் நாடு முழுக்க வெறும் 18 கிலோவில் நின்றது.

காஞ்சிபுரத்துக்குப் புற்றுநோய் புதிய சொல் கிடையாது. இந்த ஊரில் பிறந்த அண்ணா, நியூயார்க் வரை போய்ச் சிகிச்சை பெற்றும், 1969 பிப்ரவரி 3 அன்று அந்த நோயில்தான் மறைந்தார். காரப்பேட்டையில் இருக்கும் அரசு புற்றுநோய் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில்கூட மார்ஃபின் என்றதும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "போதை மருந்தாப்பா? போலீஸ் வருமா?" என்பதுதான்.

அந்தச் சட்டத்தால் நாம் இழந்தது மருந்தை மட்டும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கையாளும் அறிவும் அதோடு சேர்ந்து போனது. மார்ஃபினைப் பார்க்காமலேயே ஒரு தலைமுறை மருத்துவ மாணவர்கள் படித்து வெளியே வந்தார்கள். மருத்துவருக்கே பழக்கமில்லாததை அவர் நோயாளியின் மனைவிக்கு எப்படிச் சொல்லித்தருவார்?

எதிர்த்திசையில் நடந்தவர்களும் இருந்தார்கள். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர்.ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களும் வலி நிவாரணச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். நோயாளியை வார்டில் கிடத்தாமல், மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். வாங்கிப்போனவர்களில் பலர் கூலிவேலைக் குடும்பங்கள். "ஏழை வீட்டில் மார்ஃபினா? தெருவில் விற்றுவிடுவார்கள்" என்று பேச்சு எழுந்தது. 2001-இல் லான்செட் இதழில் ராஜகோபாலும் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் பதில் எழுதினார்கள். இரண்டு வருடத்தில் 1723 பேருக்கு வெளிநோயாளிகளாக வாய்வழி மார்ஃபின் கொடுத்ததில், தவறாகப் பயன்படுத்தியதாகவோ வெளியே கசிந்ததாகவோ ஒரு சம்பவம்கூடத் தென்படவில்லை. நோயாளியோடு வரும் மனைவியையும் மகனையும் வைத்தியத்தில் ஒரு பங்காளியாக நடத்தியதும், வீடுவரை தேடிப்போனதும் அந்த முறையின் உயிர். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டதில் ராஜகோபாலின் விடாமுயற்சிக்குப் பெரும் பங்குண்டு. இப்போது மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகளுக்கு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைக்கு ஒரே அனுமதி போதும்.

அமெரிக்காவில் கதை தலைகீழ். 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரை சந்தைக்கு வந்தது. அடிமைப்படுத்தும் ஆபத்து குறைவு என்று சொல்லி அதை விற்ற பர்டியூ நிறுவனம், 2007-இல் நீதிமன்றத்தில் தவறை ஒப்புக்கொண்டது. அதற்குள் சாவுகள் ஊர் ஊராகப் பரவியிருந்தன. வட கரோலைனாவில் வில்க்ஸ் என்ற மலைப்பகுதி மாவட்டத்தில் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளாலேயே நிறையப் பேர் இறந்தார்கள். அங்கே லாசரஸ் என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கினார்கள், விவிலியத்தில் உயிர்த்தெழுந்த லாசருவின் பெயர். நாள்பட்ட வலிக்காக மாத்திரை வாங்குபவரையும் வீட்டாரையும் உட்காரவைத்து, ஆபத்தின் அறிகுறிகளைச் சொல்லி, கையில் நலாக்சோனையும் கொடுத்தார்கள். மருத்துவர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். லட்சம் பேருக்கு 46.6 என்று 2009-இல் இருந்த சாவு விகிதம், 2010-இல் 29.0 ஆனது.

பெரியப்பாவுக்கு நரம்பில் போட்டது அந்த நலாக்சோன்தான். 1961-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1971-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. மூளையில் மார்ஃபின் உட்காரும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டு, தான் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் சீக்கிரம் எழுந்து போய்விடும், மார்ஃபின் திரும்ப உட்காரும். அதனால்தான் கண் திறந்தவரை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் மறுநாள்வரை வைத்திருந்தார்கள். 2023 முதல் அமெரிக்காவில் இதை மூக்கில் அடிக்கும் மருந்தாகச் சீட்டில்லாமலே வாங்கலாம். நம் ஊரில் பெரும்பாலும் ஊசியாக, மருத்துவமனைக்குள்தான் இருக்கிறது. அதனால் இங்கே வீட்டில் இருப்பவரின் கண்ணும் காதும்தான் முதல் மருந்து.

ஒரு நாடு பயந்து பூட்டியது, இன்னொரு நாடு பேராசையில் திறந்துவிட்டது. இரண்டிலும் விடுபட்டது ஒன்றேதான்: மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் மனிதரிடம் யாராவது பத்து நிமிடம் பேசுவது.

எங்களிடம் அந்தப் பத்து நிமிடம் பேசியவர் பக்கத்து வீட்டு அக்கா. மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து பெரியம்மாவுக்குச் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன். "நேரம் எழுதி வைங்க பெரிம்மா. நடுவுல வலி வந்தா டாக்டர் சொன்ன அளவுல ஒண்ணு. கொடுத்துட்டு ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பாருங்க. குறையலைன்னா மாத்திரை டப்பாவத் தொடாதீங்க, போனை எடுங்க. தூக்க மாத்திரை, சாராயம் ரெண்டும் இதோட சேரவே கூடாது. ஒண்ணுக்குப் போறது குறைஞ்சா அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லணும், கிட்னி வெளியே தள்ளலைன்னா மருந்து உள்ளேயே தேங்கும். பன்னிரண்டு மணி நேர மாத்திரை கொடுத்தா உடைக்காதீங்க, பொடிக்காதீங்க. சில நாள் விட்டுப்போச்சுன்னா பழைய அளவுல திரும்ப ஆரம்பிக்கக் கூடாது, கேட்டுட்டுத்தான். பயந்து நீங்களா நிறுத்தவும் கூடாது. எழுப்பினா எழுந்து ஒரு வார்த்தை பேசினா அது தூக்கம். எழலைன்னா, மூச்சு இழுத்து இழுத்து வந்தா, உதடு நீலமா இருந்தா, 108. வண்டி வர்றவரைக்கும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. மூச்சே நின்னுட்டா வாயோட வாய் வெச்சு ஊதுங்க. பேத்தி கைக்கு எட்டாம டப்பாவப் பூட்டி வைங்க."

பெரியம்மா கேட்டார்: "அப்ப இந்த மாத்திரையே வேணாமா?" அக்கா சிரித்தார். "வலியில சாகவா விடப் போறீங்க? இது நல்ல மருந்து பெரிம்மா. நேரம் தெரிஞ்ச மருந்து."

செவிலி என்றால் பழைய தமிழில் வளர்ப்புத்தாய். இன்று நர்ஸுக்கு அந்தச் சொல்லிலிருந்துதான் பெயர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான வலி ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. அப்படி வீடு தேடி வருபவரின் பையில் மாத்திரையோடு இந்தப் பத்து நிமிடமும் இருக்க வேண்டும். தற்செயலாகப் பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருக்கும் அதிர்ஷ்டம் எல்லாருக்கும் வாய்க்காது.

பெரியப்பா போன பிறகு மீதி மாத்திரைகளை எண்ணி, பெரியம்மா மருத்துவமனைக்கே திருப்பிக் கொடுத்தார். 14 இருந்தன. காலண்டர் தாள்களை மட்டும் ஒரு ஜரிகைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். போன மாதம் போயிருந்தபோது எடுத்துப் பார்த்தேன். கடைசித் தாளில் காலை 6-க்கு ஒரு கோடு, 10-க்கு ஒரு கோடு. 2-க்குக் கோடு இல்லை.

இரண்டு தெரு தள்ளி ஒருவருக்கு இப்போது மார்ஃபின் எழுதியிருக்கிறார்களாம். பெரியம்மா நேற்றுச் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய் வந்தார். கையில் ஒரு காலண்டர் தாளும் பேனாவும் எடுத்துப் போனதாக அண்ணன் போனில் சொன்னார்.