சேலத்து வக்கீலும் அணுகுண்டுப் பாடமும்

ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளி தொடங்கிய அதே 1917இல்தான், மலையடிவாரத்துச் சேலத்தில் வக்கீல் சி. ராஜகோபாலாச்சாரி (ராஜாஜி) நகராட்சித் தலைவரானார். சேர்வராயன் மலைப் பள்ளிகளில் அணு ஆயுதத்தைப் பற்றிப் பேச வேண்டிய சமூக அறிவியல் ஆசிரியருக்கு இவ்வளவு பக்கத்தில் வேறொரு சாட்சி கிடைக்காது. பிள்ளைகளுக்கோ ராஜாஜி என்றால் 1937இல் சேலம் மாவட்டத்தில் வந்த மதுவிலக்கு, இந்தித் திணிப்பு, 1953இன் குலக்கல்வித் திட்டம், அவ்வளவுதான்.

1950களின் நடுவிலேயே, எதிரி இறங்கி வரட்டும் என்று காத்திராமல் அமெரிக்கா தானே அணு ஆயுதத்தைக் கைவிட வேண்டும் என்று எழுதியவர் அவர். 1962 செப்டம்பரில், 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு அமெரிக்கா போனார். ஆர். ஆர். திவாகரும் பி. சிவராவும் உடன் இருந்தார்கள். அம்மாதம் 28ஆம் தேதி வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்து, அணுச்சோதனைகளை நிறுத்தும்படி வாதாடினார். கோர்ட்டில் பழகிய வாய்! குறித்த நேரத்தைத் தாண்டிப் பேச்சு நீண்டது.

மூன்று வாரம்கூட ஆகவில்லை, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருக்கும் செய்தி கென்னடியின் மேசைக்கு வந்தது.

1963 ஆகஸ்டில் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் மூன்றும் வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ராஜாஜி போய்ப் பேசியதால்தான் இது நடந்தது என்று மார்தட்டுவது அசட்டுத்தனம். கியூபா தந்த பயம் பெரிய காரணம். ஆனால் ஒரு முடிவுக்கு எத்தனை காரணங்கள் இருக்கலாம் என்று பதினைந்து வயதுப் பிள்ளைகளை யோசிக்கவைக்க இது நல்ல இடம்.

வாதத்தின் எதிர்ப்பக்கத்துக்கும் ஆள் தேடி அலைய வேண்டாம். 1998 மே மாதம் பொக்ரான் சோதனையை முன்னின்று நடத்தியவர்களில் ராமேசுவரத்து அப்துல் கலாம் ஒருவர். வல்லரசுகள் குண்டுகளை வைத்துக்கொண்டு மற்றவர்களை மட்டும் தடுக்கும் 1968 ஒப்பந்தத்தில் இந்தியா ஏன் கையெழுத்திடவில்லை என்பதற்கும், 1964இல் சீனா குண்டு வெடித்ததற்கும் வகுப்பில் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பக்கத்து நியாயத்தை மழுப்பினால், அது பாடமல்ல, பிரசாரம்.

பாடநூலில் 1974 சோதனை வரும், 1998 சோதனை வரும், முதலில் பயன்படுத்தமாட்டோம் என்ற உறுதிமொழி வரும். முடிவுகளை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். வாதம்தான் வெளியே நிற்கிறது. அதை உள்ளே கொண்டுவரப் பெரிய ஏற்பாடு வேண்டாம்: ராஜாஜி கட்சி, கலாம் கட்சி என்று வகுப்பை இரண்டாகப் பிரித்துப் பேசவிட்டு, மறுநாள் கட்சியை மாற்றிப் பேசச் சொன்னால் போதும்.